மூன்றாம் நாளில் தொடங்கிய கோடு

கோடு போடுகிற அக்கா என்பது சுருங்கிக் கோட்டக்கா ஆயிற்று. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் அவருடைய பயங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு எல்லாரையும் சிரிக்கவைப்பவனும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது.

அக்காவின் பயங்களுக்குக் குறைச்சலே கிடையாது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் இறங்கி எதிர்ப்பக்கத்துப் பஸ்ஸைப் பிடிப்பார். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். மூன்றாவது முறை இழுத்ததில் பூட்டு கெட்டுப்போயிருக்குமோ என்று நான்காவது முறையும் இழுப்பார். மகள் பள்ளியிலிருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அதற்குள் அக்கா மனதில் ஒரு சாவு வீடே நடந்து முடிந்திருக்கும். லிஃப்டில் மட்டும் ஏறவே மாட்டார். இத்தனைக்கும் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்.

"உள்ளே என்னென்ன கழண்டு போகும்னு அவர் தினமும் சாப்பிடும்போது சொல்றாரே தம்பி, அதைக் கேட்டுட்டு எப்படி ஏறுறது?" என்பார்.

கணக்கு படித்தவர். பள்ளியில் பாடம் நடத்தப் போய், நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் தன்னைப் பார்ப்பது பொறுக்காமல் அரை வருடத்தில் திரும்பி வந்தவர். பாடப்புத்தகங்களுக்கு வட்டமும் முக்கோணமும் வரைய ஆள் வேண்டும் என்று எங்கள் அச்சகம் தேடியபோது வந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரைக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு, அதே நாற்காலி. அடுத்த மேசை என்னுடையது. நான் பிழை திருத்துபவன்.

மற்றவர்கள் மவுஸைப் பிடித்து இழுத்து வரைவார்கள். அக்கா எழுதித்தான் வரைவார். அவர் பயன்படுத்தும் கணினி மொழியில் படம் என்பது கட்டளைகளின் அடுக்கு. இந்தப் புள்ளியிலிருந்து கிளம்பு, அந்தப் புள்ளி வழியாக வளைந்து போ, இன்ன திசையில் போய்ச் சேர் என்று வரிவரியாக எழுத வேண்டும். எழுதி முடித்து ஓடவிட்டால் படம் வந்து நிற்கும். வளைவு எப்படிப் போக வேண்டும் என்று சொன்னால் மட்டும் போதாது, எந்தப் பேனாவால் என்றும் சொல்ல வேண்டும். அங்கேதான் அக்காவின் சந்தோஷம் முழுக்க இருந்தது.

வட்டப் பேனா சாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கோடு ஒரே தடிமன்தான். சதுரப் பேனா கொஞ்சம் முரடு, நேராகப் போகும்போது ஒரு தடிமன், குறுக்காகப் போனால் இன்னும் தடித்துவிடும். பட்டைப் பேனாதான் மாயக்காரி. வட்டத்தைத் தகடாக நசுக்கி, வேண்டிய கோணத்தில் சாய்த்து வைத்துக்கொள்வது. அதைக் கொண்டு ஒரு வளைவு போட்டால் கோடு போகப் போகத் தடிக்கும், திரும்பினால் மெலியும். தகடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதே பக்கமாகக் கோடும் போனால் கத்தி விளிம்பால் கீறினாற்போல இருக்கும், இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. புத்தக அட்டைகளின் தலைப்பெழுத்துகளை அக்கா இந்தப் பேனாவால்தான் போடுவார். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகத்தில் பயம் இருக்காது.

"அழகு பாக்குற இடத்துக்குப் பட்டை. அளவு பாக்குற இடத்துக்கு வட்டம்தான் தம்பி. இதுல மட்டும் விளையாடக் கூடாது" என்று அடிக்கடி சொல்வார். அளவு என்று அவர் சொல்வது வரைபடங்களை. மருத்துவமனைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நாங்கள் நிறைய அளவு அட்டைகள் அச்சிட்டுக் கொடுக்கிறோம். ஒவ்வொரு அட்டையின் கீழ்மூலையிலும் பொடி எழுத்தில், வரைந்தவர் எண்ணும் பார்த்தவர் எண்ணும் இருக்கும். அக்காவுக்கு ஏழு, எனக்குப் பதினொன்று.

அளவு அட்டை எதுவானாலும் அக்கா அதைத் தாளில் ஒரு பிரதி எடுப்பார். எடுத்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் ஆள்காட்டி விரலை வைத்து, தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்ப்பார். ஒரு கோட்டுக்கு ஐந்து முறை. "அக்கா கோட்டுக்குத் தாலாட்டுப் பாடுறாங்க" என்று நான் சொல்வேன், எல்லாரும் சிரிப்பார்கள், அக்காவும் சிரித்துக்கொண்டே ஆறாவது முறை ஓட்டுவார்.

அந்தத் திங்கட்கிழமை வந்த வேலை, பிறந்த குழந்தைகள் வார்டுக்கான மஞ்சள்காமாலை அட்டை. பழைய அட்டைகள் கிழிந்துவிட்டன என்று புதிதாகப் பன்னிரண்டு கேட்டிருந்தார்கள். அடியில் குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆனது என்ற அளவு, பக்கவாட்டில் ரத்தத்தில் உள்ள மஞ்சளின் அளவு. உள்ளே இரண்டே கோடுகள். மேல்கோடு நிறைமாதக் குழந்தைகளுக்கு. கீழ்க்கோடு மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்கு. அவர்களுக்குத் தாங்கும் சக்தி குறைவு என்பதால் கோடு தாழ்வாக இருக்கும். குழந்தையின் புள்ளி அதற்குரிய கோட்டைத் தாண்டினால் உடனே நீல விளக்கின் கீழே படுக்கவைக்க வேண்டும். இரண்டு கோடுகளும் முதல் மூன்று நாட்களுக்கு நேராக மேலே ஏறி, பிறகு வளைந்து படுத்துவிடும்.

அக்கா வரைந்து, விரலை ஓட்டி, நான் எழுத்துகளையும் எண்களையும் பார்த்து, எல்லாம் முடிந்தது. ஐந்து மணிக்குள் அச்சுத் தகடு போட அனுப்ப வேண்டும். நாலரைக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. எங்கள் இலைச் சின்னத்தை மூலையில் போட மறந்துவிட்டீர்களே என்றார்கள். அக்கா கிடுகிடுவென்று இலைக்கான வரிகளை எழுதினார். இலை அழகு பார்க்கிற இடம், ஆகவே பட்டைப் பேனாவைச் சாய்த்து எடுத்தார். நரம்புகள் தடித்து மெலிந்து, காற்றில் ஆடுகிற மாதிரி வந்தது.

வழக்கம்போலத் தாளில் பிரதி எடுக்க எழுந்தார். மாடியில் இருக்கிற பிரிண்டரில் யாரோ முந்நூறு பக்கம் ஓடவிட்டிருந்தார்கள். இருபது நிமிடம் ஆகும் என்றதும் அவருக்குக் கை பரபரத்தது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"புதுசா வந்தது இலை மட்டும்தானே அக்கா? இலைக்கும் மஞ்சள்காமாலை வந்துடுமோன்னு பயமா? அனுப்பிட்டு வீட்டுக்குப் போங்க."

அறையே சிரித்தது. அக்கா வெட்கப்பட்டுப்போய்த் திரையிலேயே ஒரு முறை பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டு கோடும் இருந்தன. கீழ்க்கோட்டின் வால் பக்கம் சற்றுத் தடித்திருந்ததை நான் கவனித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதனால் ஒன்றும் சொல்லவில்லை. அட்டை போய்விட்டது. செவ்வாய்க்கிழமை காலை பன்னிரண்டு அட்டைகளும் பளபளவென்று வார்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் சாப்பாட்டு மேசைக்கு விரிப்பு என்பது அச்சு ஓடத் தொடங்கும்போது வீணாகும் தாள்கள்தான். அன்றைக்கு விரித்திருந்தது மஞ்சள்காமாலை அட்டை. அக்கா டப்பாவைத் திறந்தார், உடனே மூடினார். டப்பாவை நகர்த்திவைத்துவிட்டு, ஆள்காட்டி விரலைத் தாளின் இடது ஓரத்தில் வைத்தார். விரல் நகரவே இல்லை.

"தம்பி, கீழ்க்கோடு எங்க?"

குனிந்து பார்த்தேன். மூன்றாம் நாளுக்குப் பிறகு கோடு தெளிவாக, தடிப்பாக இருந்தது. அதற்கு முன்னால் வெறும் வெள்ளைத் தாள்.

யாரும் சாப்பிடவில்லை. அக்கா தன் மேசைக்குப் போய்க் கட்டளைகளை மேலிருந்து படித்தார். நான் பின்னால் நின்றேன். முதலில் வட்டப் பேனாவை எடுக்கிற வரி. அடுத்து மேல்கோடு. அதற்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில், அவசரத்தில் கர்சர் எங்கே நின்றதோ அங்கேயே, இலை. அந்த மொழியில் ஒரு பேனாவை எடுத்தால் எடுத்ததுதான். இன்னொன்றை எடுக்கச் சொல்லும்வரை அதே பேனாதான் கையில் இருக்கும். இலையை முடித்துவிட்டு வட்டப் பேனாவைத் திரும்ப எடுக்கும் வரியை அக்கா எழுதவில்லை. கீழ்க்கோடு இலையின் பட்டைப் பேனாவால் ஓடியிருக்கிறது. பட்டை சாய்ந்திருந்த கோணமும் முதல் மூன்று நாட்கள் கோடு ஏறுகிற கோணமும் ஒன்றாகப் போய்விட்டன. திரையில் எவ்வளவு மெல்லிய கோடானாலும் ஒரு புள்ளி அளவுக்காவது காட்டிவிடும். அச்சுத் தகட்டுக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது.

"பேனாவை மாத்தலை" என்றார் அக்கா. வாயைப் பொத்திக்கொண்டார். "செவ்வாய், புதன், வியாழன். மூணு நாள் தம்பி."

எனக்கு முதலில் வந்த பயம் அந்தக் குழந்தைகளைப் பற்றியது என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. பதினொன்று என்ற எண்ணைப் பற்றித்தான் முதலில் பயந்தேன். குழந்தைகள் ஞாபகத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

முதலாளி கெட்டவர் இல்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வியர்த்தார், பிறகு இப்படி யோசித்தார்: அங்கே இருப்பவர்கள் இதே வேலையாக இருப்பவர்கள், அவர்களுக்கு அளவெல்லாம் மனப்பாடம் இருக்கும், திங்கட்கிழமை திருத்திய அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிக்கொள்ளலாம், நாமே போய்த் தலையைக் கொடுக்க வேண்டாம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பயந்தவனுக்கு எல்லாமே நியாயமாகப் படும். அக்கா அவர் பேசி முடிக்கும்வரை நின்று கேட்டார். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினார். போகிற வழியில் வார்டு எண்ணுக்கு இரண்டு தடவை போன் போட்டோம், மணி அடித்துக்கொண்டே இருந்தது. போட்டோம் என்கிறேனே, நானும் கூடவே போயிருக்கிறேன். எப்போது கிளம்பினேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

வார்டு ஆறாவது மாடியில் இருந்தது. நான் படிக்கட்டைத் தேடினேன், அக்காவுக்காக. அவர் லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டு நின்றிருந்தார். கதவு திறந்ததும் உள்ளே போனார். நானும் போனேன். மேலே போகிறவரை என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார், கண்ணை மூடவில்லை.

தலைமை நர்ஸ் ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்திருந்தார். அச்சகத்திலிருந்து வருகிறோம் என்றதும், அட்டை ரொம்ப அழகாக இருக்கிறது, அந்த இலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றார். அக்கா சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். வார்த்தை தடுக்கினாலும் ஒன்றையும் மறைக்கவில்லை. தலைமை நர்ஸ் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அட்டைக்கு அருகில் போனார். திரும்பியபோது அவர் முகம் மாறியிருந்தது.

"மூணாம் நாள்லேர்ந்துதான் இந்தக் கோடு ஆரம்பிக்குதுன்னு நெனச்சோம்" என்றார். "அதுக்கு முன்னாடி எல்லாக் குழந்தைக்கும் ஒரே கோடுதான், முறையை மாத்திட்டாங்கபோலன்னு."

பதிவேட்டை எடுத்து, செவ்வாய்க்கிழமையிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். மாதம் நிறையாமல் பிறந்தவை நான்கு. திங்கட்கிழமை இலை போடுவதற்கு முன்னால் விரல் ஓட்டிப் பார்த்த தாள் பிரதியை அக்கா பையிலிருந்து எடுத்து விரித்தார். முதல் குழந்தை கோட்டுக்குக் கீழே இருந்தது. இரண்டாவதும் கீழே. மூன்றாவது குழந்தைக்கு மேல்கோட்டையே தாண்டியிருந்ததால் விளக்கு போட்டிருந்தார்கள், அது இன்னும் உள்ளே படுத்திருந்தது. நான்காவது ஆண் குழந்தை, நான்கு வாரம் முன்னாலேயே பிறந்தவன். முப்பத்தாறாவது மணி நேரத்தில் அளவு பத்தரை. கீழ்க்கோடு அந்த இடத்தில் ஒன்பதரை. விளக்கு போட்டிருக்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ரெண்டு நாள்" என்றார் தலைமை நர்ஸ், யாரிடமும் என்றில்லாமல்.

அளவு ஏறிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று அக்கா கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். மூளைக்குப் போகும், காது போகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றார் அவர். பேசிக்கொண்டே போனைக் காதில் வைத்திருந்தார். மூன்று முறை போட்டும் குழந்தையின் தாய் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வெளியே போயிருந்தது, வர அரை மணி ஆகும். பஸ் பணிமனைக்குப் பின்னால் இரண்டாவது தெரு, தையல்கடை மாடி என்று முகவரி இருந்தது. குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதிய இளம் நர்ஸ் அன்றைக்கு வேலையில் இருந்தாள். தலைமை நர்ஸ் அவளை எங்களோடு டாக்ஸியில் அனுப்பினார். அவள் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நான் அட்டையைப் பாத்துத்தான் மேடம் அனுப்பினேன்" என்று அக்காவிடம் இரண்டு முறை சொன்னாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சிக்னலிலும் டாக்ஸி நிற்கும்போது எனக்கு இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது, குழந்தை வீட்டை நோக்கியா வேறு பக்கமா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

தையல்கடைப் பக்கத்துக் குறுகலான படி. மேலே ஒற்றைக் கதவு. தட்டியதும் திறந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தலையை அள்ளி முடிந்திருந்தாள். நர்ஸைப் பார்த்ததும் சிரித்துவிட்டு உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசுங்க. இப்பதான் தூங்குறான். அதான் போனையும் சத்தமில்லாம வச்சிருக்கேன்." எங்களை உள்ளே விட்டபடியே தாழ்ந்த குரலில் பெருமையாகச் சொன்னாள். "முதல் நாள் கத்தின கத்துக்கு, நேத்துலேர்ந்து என்ன சமத்து தெரியுமா. பாலுக்குக்கூட எழுந்திரிக்க மாட்டேங்குறான். நானே உலுக்கி எழுப்ப வேண்டியிருக்கு."

இளம் நர்ஸின் அழுகை அங்கேயே நின்றுவிட்டது. நேராகப் போய் ஜன்னல் திரையை விலக்கினாள். வெளிச்சம் விழுந்ததும் நான் பார்த்தேன். மூக்கு, நெற்றி, வயிறு, பாதம்வரைக்கும் மஞ்சள். நர்ஸ் குழந்தையின் உள்ளங்காலில் விரலால் சுண்டினாள். குழந்தை முகத்தைச் சுளித்தது, அழவில்லை. இன்னொரு முறை கொஞ்சம் பலமாகச் சுண்டினாள். மெல்லிய முனகல் ஒன்று வந்தது, வந்தவுடன் அடங்கியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது கிடையாது. அக்கா சுவரோடு சுவராக நின்றிருந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் தாய். இன்னும் தாழ்ந்த குரலிலேயே கேட்டாள், பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்று.

தாயையும் குழந்தையையும் அதே டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் மஞ்சள் பத்தொன்பதைத் தாண்டியிருந்தது. கண்ணைத் துணியால் கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் மேலும் கீழும் நீல விளக்குகளைப் போட்டார்கள். விளக்கில் இறங்காவிட்டால் ரத்தத்தையே மாற்ற வேண்டிவரும், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்ப்போம் என்றார் டாக்டர். நாங்கள் வெளி பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களை யாரும் இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. பன்னிரண்டு அட்டைகளையும் தலைமை நர்ஸ் எப்போதோ கழற்றி மேசையில் அடுக்கியிருந்தார். அக்கா கொண்டுவந்த தாள் பிரதிதான் சுவரில் ஒட்டியிருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் போன் செய்தார். அடுப்பை அணைத்துவிட்டாயா என்று கேலியாகக் கேட்டாராம். அக்கா போனை என்னிடம் கொடுத்தார். நான் இரண்டு வார்த்தை சொன்னேன். அரை மணியில் அவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவரும் கேலி பேசவில்லை.

முதல் முறை பார்த்தபோது பதினெட்டு. அடுத்த முறை பதினேழுக்குக் கொஞ்சம் கீழே. மறுநாள் மதியம் பதினான்கு. அன்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு கத்தல் கேட்டது, நல்ல முரட்டுக் கத்தல். வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பையன் பால் கேட்டான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தப்பித்தான் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் மூன்று மாதம் கழித்துக் காதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்.

தாய் வெளியே வந்தாள். இரண்டு நாளாக அங்கேயே கிடந்த எங்களை ஆஸ்பத்திரிக்காரர்கள் என்றே நினைத்திருந்தாள். அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் வீடு தேடி வரலைன்னா என் புள்ளை தூங்கிட்டே போயிருப்பான்கா" என்றாள்.

நான் அக்காவின் முதுகில் லேசாகத் தட்டினேன். விட்டுடுங்க, போயிடலாம் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாக எதற்கெடுத்தாலும் பயந்த பெண், இதற்கும் பயந்துவிட மாட்டாரா என்று எனக்கு ஒரு நப்பாசை.

"அந்தக் கோடு வரைஞ்சது நான்தாம்மா" என்றார்.

தாய்க்குப் புரியவில்லை. எந்தக் கோடு என்றாள். அக்கா மேசையில் அடுக்கியிருந்ததில் ஓர் அட்டையை எடுத்துவந்து, இரண்டு கோடுகளைப் பற்றியும், எது அவள் பிள்ளைக்கு உரியது என்பதைப் பற்றியும், அது ஏன் காணாமல்போனது என்பதைப் பற்றியும் சொன்னார். பேனாவை மாற்றவில்லை என்றபோது அந்தப் பெண் பேனாவா என்றாள். அட்டையை வாங்கி, மடியில் வைத்து, வெள்ளையாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்க இருந்திருக்கணும்? போட்டுக் காட்டுங்க."

தலைமை நர்ஸின் பாக்கெட்டில் இருந்த பால்பாயின்ட் பேனாவை அக்கா வாங்கினார். கையால் கோடு போட்டு அவருக்கு எத்தனை வருடம் ஆகியிருக்குமோ. பளபளப்பான அட்டையில் மை முதலில் பிடிக்கவில்லை, அழுத்திப் போட்டார். இடது ஓரத்திலிருந்து கிளம்பிய கோடு நடுங்கி நடுங்கி மேலே ஏறி, மூன்றாம் நாளில் அச்சுக்கோட்டோடு போய்ச் சேர்ந்தது.

"என் புள்ளை எங்க இருந்தான்?"

முப்பத்தாறு மணி, பத்தரை. அக்கா பேனாவை என்னிடம் நீட்டினார். நான் பேனாவை வாங்கி அந்தப் புள்ளியை வைத்தேன். கோட்டுக்கு மேலே, விரல் நுனி அகலம்கூட இல்லாத இடைவெளியில் அது உட்கார்ந்தது.

அந்தப் பெண் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அட்டையின் கீழ்மூலையில் இருந்த பொடி எழுத்துகளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்தாள்.

"ஏழு நீங்க. பதினொண்ணு யாரு?"

"நான்தான்" என்றேன்.

அவள் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். உள்ளே பிள்ளை மறுபடி கத்தியது. எழுந்து அட்டையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"மூணு மாசம் கழிச்சு காது பாக்க வரச் சொல்லியிருக்காங்க. அன்னைக்கு ரெண்டு பேரும் வாங்க" என்றாள். "அதுவரைக்கும் இது என்கிட்டயே இருக்கட்டும்."